ஆறு சொற்கள் போதவில்லை: தமிழ்நாட்டு நரம்பியல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஸ்டெம் செல் சிகிச்சையைப் பற்றிச் சிவகாசியிலிருந்து எழுதுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியை. என் அப்பா கம்போசிட்டர், அதாவது அச்சுக்கோப்பவர். ஈய எழுத்துகளைக் கேஸ் என்ற பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்கிய கடைசித் தலைமுறைக்காரர். எழுத்து நேராக நிற்கிறதா, தலைகீழா என்று கண்ணால் பார்க்க மாட்டார். கட்டைவிரலால் அதன் பள்ளத்தைத் தடவியே சொல்லிவிடுவார். 2013-ஆம் வருஷம் அவர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கையின் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருப்பதை அம்மாதான் முதலில் கவனித்தாள். பழைய தொழிலின் ஞாபகம், விரல் தானாக எழுத்தைத் தேடுகிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அந்த நடுக்கத்தை மாத்திரை உருட்டுவது போன்றது என்று நீங்கள் உங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வருஷம் வேறு அர்த்தம் இருந்தது.

2014-இல் மதுரையில் பார்க்கின்சன் என்று சொன்னார்கள். அப்போது அப்பாவுக்கு 61 வயது. அதற்கு முன்பே நோய் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பது பின்னால் படித்தபோதுதான் புரிந்தது. எழுத்தைக் கழுவும் மண்ணெண்ணெய் நெடி அவருக்குத் தெரியாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. தூக்கத்தில் யாரையோ அடிக்கிற மாதிரி கையை வீசுவார். மலச்சிக்கல் தீராத தொல்லையாக இருந்தது. கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. "பன்னெண்டு பாயிண்டுல எழுத ஆரம்பிக்கேன், வரி முடியும்போது ஆறு பாயிண்டாயிருதும்மா" என்றார். பாயிண்ட் என்பது அச்சு எழுத்தின் அளவு. நடுக்கு வாதம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்கிற நோய் நடுக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, அது அதைவிடப் பெரியது என்பதை அந்த ஒரு வரி சொல்லிக்கொடுத்தது.

லெவோடோபா கொடுத்தீர்கள். அதற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். முதல் ஐந்து வருஷம் அந்த மாத்திரை எங்களுக்கு அப்பாவைத் திருப்பித் தந்தது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டார், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூட வாசல் வரை கூட்டிப்போனார். பிறகு மாத்திரையின் ஆயுள் குறைந்தது. ஆறு மணி நேரம் தாங்கியது நாலு ஆனது, மூன்று ஆனது. "இறங்கிருச்சு" என்பது எங்கள் வீட்டில் ஒரு தனிச் சொல். இறங்கிவிட்டால் வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். தரையில் குறுக்காக வெள்ளைக் கோடு போட்டால் அதைத் தாண்டுவது போலக் கால் எழும்பும் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். எங்கள் வீட்டு நிலைப்படி ஒவ்வொன்றுக்கும் முன்னால் இன்றும் மூன்று வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன. மருந்து ஏறினால் உடம்பு தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் அலையும், இறங்கினால் உறையும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தபோதுதான் 2021-இல் உறவினர் ஒருவர் செல்பேசியில் ஒரு வீடியோ அனுப்பினார். ஸ்டெம் செல் சிகிச்சை, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லைக் கொடுப்பது. வீல் சேரில் வந்தவர் எழுந்து நடக்கிறார். பின்னால் வீணை வாசிக்கிறது.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது அப்பாவே கேட்டார். "டாக்டர், இந்த ஸ்டெம் செல்லு எனக்குச் சரிப்படுமா?" மருத்துவர் நல்லவர். பெயர் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அன்று வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். அவர் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் வேணாம்யா, பணத்தை வீணாக்காதீங்க, மாத்திரையைச் சாப்பிடுங்க." எண்ணிப் பார்த்தேன், ஆறே சொற்கள்.

அந்த ஆறு சொற்களும் சரியானவை என்று இன்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று அவை எங்களைத் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

வேறொரு ஊரில் இருந்த அந்த மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஒரு பெண் ஒன்றரை மணி நேரம் எங்களோடு உட்கார்ந்தாள். அப்பாவின் தொழிலைக் கேட்டாள். காப்பி வரவழைத்தாள். காகிதத்தில் மூளையை வரைந்து, கருப்பான ஒரு பகுதியைக் காட்டி, இங்கேயிருக்கிற செல்கள் செத்துப்போவதால்தான் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனம் குறைகிறது, புதுச் செல்லைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றாள். தமிழில் சொன்னாள், நிதானமாகச் சொன்னாள். அவள் சொன்னதில் முதல் பாதி உண்மை. அதுதான் எங்களை விழவைத்தது. ஏழு வருஷத்தில் யாரும் எங்களுக்கு மூளையை வரைந்து காட்டியிருக்கவில்லை.

இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்தார்கள். இயந்திரத்தில் சுழற்றினார்கள். முதுகுத்தண்டு வழியாகத் திரும்பச் செலுத்தினார்கள். "உங்க செல்லு, உங்க உடம்புக்கே போகுது, பக்கவிளைவே கிடையாது." மூன்று தவணை, மொத்தம் நாலரை லட்சம். அம்மாவின் ஆரமும் விருதுநகர் ரோட்டில் இருந்த இரண்டரை செண்ட் இடமும் அதற்குப் போனது. ரசீதில் ஸ்டெம் செல் என்ற சொல்லே இல்லை. செய்முறைக் கட்டணம் என்று மட்டும் இருந்தது.

முதல் ஊசிக்குப் பிறகு மூன்று வாரம் அப்பா நன்றாக நடந்தார். நான் மிகைப்படுத்தவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை தனியாகப் போய் நாளிதழ் வாங்கி வந்தார். அம்மா கோவிலுக்கு நேர்ந்துகொண்டாள். ஐந்தாவது வாரம் எல்லாம் பழையபடி ஆனது. இரண்டாவது ஊசிக்கும் கொஞ்சம் முன்னேற்றம், அதைவிடச் சீக்கிரம் சரிவு. மூன்றாவதற்கு ஒன்றுமே இல்லை. உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம், "இன்னும் ரெண்டு தவணை போட்டா பிடிக்கும்" என்றார்கள்.

திரும்ப மதுரைக்கு வந்தபோது நான் வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னேன். மருத்துவர் கோபப்படவில்லை. கோப்பில் ஒரு வரி எழுதினார்: வெளியில் ஸ்டெம் செல் சிகிச்சை எடுத்திருக்கிறார். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். எங்கே, யார், எவ்வளவு என்று கேட்கவில்லை. எத்தனை கோப்புகளில் இந்த ஒரு வரி இருக்கும் என்று அன்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்லைப் பற்றிப் பாடம் எடுக்கிற நானே ஏமாந்தது என்னைத் தூங்கவிடவில்லை. படித்ததில் எனக்குக் கிடைத்தவை உங்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் இங்கே எழுதுகிறேன். இதையெல்லாம் ஒரு நோயாளியின் வீட்டுக்குச் சொல்ல முடியும், அது புரியும், புரிந்தால் நாலரை லட்சம் மிஞ்சும் என்று காட்டுவதற்காக எழுதுகிறேன்.

செல் மாற்று சிகிச்சை பொய் இல்லை. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். "அதெல்லாம் வேணாம்" என்று நீங்கள் சொன்னதும் அப்பா நினைத்தார், பெரிய டாக்டர்களுக்குப் புதுசு பிடிக்காது என்று. நாற்பது வருஷத்துக்கும் மேலாக உங்கள் துறையின் மிகச் சிறந்த மூளைகள் இதில்தான் உழைத்துக்கொண்டிருக்கின்றன என்று சொல்லியிருந்தால், அந்த வீடியோவின் பாதி பலம் அங்கேயே போயிருக்கும்.

1982-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு நோயாளியின் அட்ரினல் சுரப்பித் திசுவை எடுத்து அவருடைய மூளையிலேயே வைத்தார்கள். பெரிய பலன் இல்லை. 1987-இல் மெக்சிகோவில் இக்னாசியோ மத்ராசோ அதே போன்ற அறுவைச் சிகிச்சையில் இரண்டு இளவயது நோயாளிகள் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டதாக அறிவித்தார். உடனே பல நாடுகளில் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் அதைச் செய்யத் தொடங்கினார்கள். சில வருஷத்தில் கைவிட்டார்கள். இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தபோது வைத்த செல்களில் மிகச் சிலவே பிழைத்திருந்தன. இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. படித்த அறுவை மருத்துவர்களே ஒரு நல்ல செய்தியைக் கேட்டு அவசரப்பட்டிருக்கிறார்கள். எங்கள் வீடு அவசரப்பட்டது அவ்வளவு பெரிய குற்றமா? ஆனால் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள், பிரேதப் பரிசோதனை செய்தார்கள், நிறுத்தினார்கள். எங்களிடம் பணம் வாங்கியவர்கள் எதையும் எண்ணவில்லை.

அதே 1987-இல் சுவீடனின் லண்ட் நகரத்தில் ஓலே லின்ட்வால், ஆண்டர்ஸ் பியோர்க்லுண்ட் குழு வேறு வழியில் போனது. கருக்கலைப்பில் கிடைத்த கருவின் நடுமூளைத் திசுவை வைத்தார்கள். சில நோயாளிகளுக்கு அது உண்மையாகவே வேலை செய்தது. ஒருவருக்கு வைத்த செல்கள் 24 வருஷம் கழித்து அவர் இறந்த பிறகும் மூளையில் வேரோடி இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். மூளைக்குள் புதுச் செல் பிழைக்கும், கிளை விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிறகு வந்ததுதான் நான் மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிற சோதனை. அமெரிக்காவில் கர்ட் ஃப்ரீட் குழு 40 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. 20 பேருக்குத் திசுவை வைத்தார்கள். மற்ற 20 பேருக்கும் மண்டையோட்டில் துளை போட்டார்கள், ஆனால் எதையும் வைக்கவில்லை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பெண் போட்ட மருத்துவருக்கும் தெரியாது. 2001-இல் முடிவு வெளியானது. நோயாளிகள் தாங்களே சொன்ன முன்னேற்றத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. இளையவர்களுக்கு அளவீடுகளில் கொஞ்சம் பலன் தெரிந்தது. செல் வைத்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு, மருந்தைக் குறைத்தும் நிறுத்தியும்கூட அடங்காமல் உடம்பு தானாக அலைகிற தொல்லை வந்தது. 34 பேரை வைத்து நடந்த இன்னொரு சோதனையில், 2003-இல், செல் வைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தத் தொல்லை வந்தது. 2008-இல் இன்னொரு செய்தி: பத்து வருஷத்துக்கு மேல் ஆன ஒட்டுச் செல்களுக்குள்ளேயே பார்க்கின்சனின் அடையாளமான லூயி உருண்டைகள் என்ற புரதத் திரள்கள் உருவாகியிருந்தன. பழைய நோய் புதுச் செல்லையும் தொடுகிறது.

ஒன்றும் வைக்காமல் துளை மட்டும் போட்டது ஈவிரக்கமில்லாத செயல் என்று முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அப்பாவின் அந்த மூன்று வாரத்தை யோசித்தபோதுதான் கோபம் அடங்கியது. அதே 2001-இல் கனடாவின் வான்கூவரில் ஒரு குழு கண்டுபிடித்தது இதுதான்: பார்க்கின்சன் நோயாளிக்கு மருந்து கொடுக்கிறோம் என்று சொல்லி வெற்று ஊசி போட்டால்கூட, எதிர்பார்ப்பிலேயே அவர் மூளையில் டோபமைன் சுரக்கிறது. ஸ்கேனில் அது தெரிகிறது. அப்பா நடித்ததில்லை. அவர் மூளையில் மிஞ்சியிருந்த செல்கள் நம்பிக்கையில் தங்கள் கடைசிச் சேமிப்பையும் கொட்டின. அந்த மூன்று வாரமும் உண்மை, ஊசி மட்டும்தான் பொய். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால், முதல் ஊசியோடு நிறுத்தியிருப்போம். இந்த நோயில் "எனக்கு நல்லாயிருக்கு" என்ற நோயாளியின் வாக்குமூலம் மட்டும் போதுமான சாட்சி இல்லை. விளம்பரம் செய்பவர்களுக்கு அதைவிட நல்ல வியாபாரச் சரக்கு இல்லை.

உண்மையான சிகிச்சை எப்படியிருக்கும் என்பதையும் வரைந்து காட்டலாம். மஜ்ஜையிலிருந்து எடுக்கிற செல் டோபமைன் நரம்புச் செல்லாக மாறுவதில்லை. முதுகுத்தண்டு நீரில் விட்டால் அது மூளையின் ஆழத்தில் இருக்கிற புட்டாமெனுக்குத் தானாக நடந்து போய் இணைப்புப் போடாது. கியோட்டோவில் ஜுன் தகாஹாஷி குழு செய்தது வேறு. ஷின்யா யாமனாகா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் வளர்ந்த செல்லைக் கருநிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்படித் திருப்பப்பட்ட, ஆரோக்கியமான ஒருவரின் செல்களை டோபமைன் செல்களின் முன்னோடியாக வளர்த்தார்கள். தேவையற்றவற்றைப் பிரித்தெடுத்தார்கள். 2018-இல் தொடங்கி 50 முதல் 69 வயது வரையிலான ஏழு பேரின் புட்டாமெனுக்குள் லட்சக்கணக்கான செல்களை மெல்லிய ஊசியால் வைத்தார்கள். செல் சாகிற இடம் நடுமூளை. ஆனால் வைப்பது அங்கேயல்ல, டோபமைன் போய்ச் சேர வேண்டிய இடத்தில். அவ்வளவு தூரம் கிளை நீட்டி வளரப் புதுச் செல்லால் முடியாது என்பதால். உடம்பு அதை ஒதுக்காமல் இருக்க, ஓராண்டுக்கும் மேல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தார்கள்.

முடிவு 2025 ஏப்ரலில் வந்தது. மோசமான பக்கவிளைவு இல்லை, கட்டி வளரவில்லை. பலனை அளந்த ஆறு பேரில் நான்கு பேருக்கு மருந்து இறங்கிய நேரத்து அசைவு மேம்பட்டது. ஸ்கேனில் டோபமைன் கூடியது தெரிந்தது. அதே நாளில் வெளியான இன்னொரு சோதனை, ஆரம்பநிலைக் கருவிலிருந்து வந்த ஸ்டெம் செல்லில் வளர்த்தவற்றை 12 பேருக்கு வைத்தது. அதுவும் பாதுகாப்பாக இருந்தது, அதிக அளவு செல் பெற்றவர்களுக்குக் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. சுவீடனின் லண்டில் மாலின் பார்மர் குழுவினர் 2023-இல் முதல் நோயாளிக்குச் செல் வைத்தார்கள். இவை எல்லாமே ஒரு சில பேரை வைத்து நடந்தவை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாதவை. அப்பாவின் மூன்று வாரம் எனக்குக் கற்றுக்கொடுத்ததை வைத்துப் பார்த்தால், ஒப்பீடு இல்லாத சோதனையின் நல்ல செய்தியை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது உண்மையான கதவு. மெதுவாகத் திறக்கிறது.

திறந்தாலும் அது எதற்கு வழி விடும் என்பதையும் சொல்ல வேண்டும். டோபமைன் செல்லை வைத்தால் டோபமைன் குறைவால் வருகிற தொல்லைகள் குறையலாம். போன மோப்பம் வராது. மலச்சிக்கலும் கனவில் கை வீசுவதும் வேறு இடத்துக் கதை. வயதாக ஆக வருகிற தடுமாற்றமும் மறதியும் அதில் சேராது. அல்சைமர் போன்ற நோயில் மூளை முழுக்கப் பல வகைச் செல்கள் போவதால், ஓரிடத்தில் ஒரு வகைச் செல்லை வைத்துச் சரிக்கட்டும் இந்த வழி அங்கே இன்னும் கடினம். ஹன்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய்க்குப் பிரான்சில் ஐந்து பேருக்குக் கருத்திசு வைத்துப் பார்த்தார்கள். மூன்று பேருக்குச் சில வருஷம் நிலைமை தேறியது, பிறகு நோய் மறுபடி முன்னேறியது. அந்த மருத்துவமனையில் எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யார் தெரியுமா? ஆட்டிசக் குழந்தையோடு ஓர் இளம் தாய், பக்கவாதம் வந்த ஒரு மளிகைக் கடைக்காரர், மூளை வாத நோயுள்ள ஒரு பையன். எல்லோருக்கும் அதே மஜ்ஜை, அதே ஊசி, அதே அறை. அதைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வராமல் போனதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்களுக்குப் பணம்தான் போனது. வேறு சிலருக்கு அதைவிடப் பெரியது போயிருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு, மூளையைச் சிதைக்கும் பரம்பரை நோய்க்காக, மாஸ்கோவில் கருவின் நரம்பு ஸ்டெம் செல்களைச் செலுத்தினார்கள். சில வருஷத்தில் அவன் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் வளர்ந்தன. பரிசோதித்தால் அவை அவனுடைய செல்களே அல்ல, தானமாக வந்தவர்களின் செல்கள். 2009-இல் அந்த ஆய்வு வெளியானது. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடலாம். உள்ளே போன உயிருள்ள செல்லைத் திரும்ப எடுக்க முடியாது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் தலைப்பில் ஸ்டெம் செல் ஆராய்ச்சியும் சிகிச்சையும் என்று இருந்தது. 2013-இல் தலைப்பிலிருந்து சிகிச்சை என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர, அனுமதி பெற்ற சோதனைக்கு வெளியே நோயாளிக்கு ஸ்டெம் செல் கொடுப்பது மருத்துவ நெறிக்குப் புறம்பானது என்று 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய மருந்து ஆட்சேபகர விளம்பரச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. விளம்பரத்தில் குணமாக்குவதாகச் சொல்லக் கூடாத நோய்களின் பட்டியலில் மூளை நோய்களும் பக்கவாதமும் இருக்கின்றன. அந்த வீடியோ எங்கள் செல்பேசிக்கு வந்தபோது அந்தச் சட்டத்துக்கு 67 வயது.

ஆனால் சட்டத்தின் கையில் புகார் வேண்டும். புகார் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தான் என்று நீங்கள் சொல்லலாம். நான் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. அப்பா கெஞ்சினார். "ஊரு சிரிக்கும்மா, விடு" என்றார். ஏமாந்த குடும்பம் வாயைத் திறக்காது. பணம் போனது ஒரு வலி, ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்வது இன்னொரு வலி. ரசீதில் அந்தச் சொல்லும் இல்லை. எங்களிடம் இருந்ததெல்லாம் இடுப்பில் ஒரு தழும்பு. அது நடந்ததற்கு எழுத்தில் இருக்கிற ஒரே சாட்சி, மதுரையில் உங்களில் ஒருவர் எழுதிய அந்த ஒரு வரிதான்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அந்த வரியை நான்கு வரியாக்குங்கள். எங்கே, எப்போது, என்ன செலுத்தினார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நோயாளியின் பெயரை மறைத்து, வருஷத்துக்கு ஒரு முறை உங்கள் சங்கத்தின் வழியாக அதைத் திரட்டி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் மருத்துவப் பணிகள் இயக்ககத்துக்கும் அனுப்புங்கள். ஒரு சிவகாசி டீச்சரின் புகாரை யார் வேண்டுமானாலும் ஓரமாக வைக்கலாம். நூறு நரம்பியல் மருத்துவர்களின் கோப்புகளை அப்படி வைக்க முடியாது. சக மருத்துவரைப் பற்றி எழுதத் தயக்கம் இருக்கும், புரிகிறது. நீங்கள் தயங்குகிற அந்த இடத்தில்தான் அவர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமானது, பத்து நிமிடம். ஒவ்வொரு முறையும் வேண்டாம். ஒரு நோயாளிக்கு, அவர் அந்தக் கேள்வியைக் கேட்கிற அந்த ஒரு நாளில் மட்டும். அறுபது பேர் காத்திருக்கும் நாளில் அதுவும் முடியாது என்றால், ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். மூளையின் படம் ஒன்று இருக்கட்டும். இந்தச் சிகிச்சை எங்கே ஆராய்ச்சியில் இருக்கிறது, எதற்கு உதவலாம், எதற்கு உதவாது, ஏன் முதுகில் போடும் ஊசி வேலை செய்யாது, ஊசி போட்ட முதல் வாரங்களில் ஏன் நன்றாகத் தோன்றும் என்று இருக்கட்டும். முறையாக அனுமதி பெற்ற சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் எண் இருக்கும், பரிசோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள், பாதிப்பு வந்தால் இழப்பீடு தர வேண்டும் என்று கொட்டை எழுத்தில் இருக்கட்டும். பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள் என்ற ஒரு வரியாவது இருக்கட்டும். அச்சடிக்கிற செலவை எங்கள் ஊர் ஏற்றுக்கொள்ளும். இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இங்கே அச்சகம் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரிடம் கேட்டும்விட்டேன். நீங்கள் எழுதித் தந்தால் போதும். மெய்ப்பு நான் பார்க்கிறேன்.

இதெல்லாம் தெரிந்த பிறகு போன மாதம் அப்பாவிடம் உட்கார்ந்து சொன்னேன். அவர் மாத்திரை ஏறியிருந்த நேரம் பார்த்து, கியோட்டோவில் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அந்தப் பெண் செய்த மாதிரியே காகிதத்தில் மூளையை வரைந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "அங்க எத்தன வயசு வரைக்கும் எடுத்தாங்க?" என்றார். அறுபத்தொன்பது என்றேன். அவருக்கு இப்போது எழுபத்திரண்டு. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. விரல் மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"அப்ப எனக்கு வராது."

"வராதுப்பா. அநேகமா வராது."

"இத அந்த டாக்டரே சொல்லிருக்கலாமேம்மா," என்றார். "நான் தாங்கிருப்பேன்."

அடுத்த மாதம் 14-ஆம் தேதி எங்களுக்கு மதுரையில் சந்திப்பு இருக்கிறது. அப்பா அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பதில் தெரியும். உங்கள் வாயால் கேட்க வேண்டுமாம். டோக்கன் கடைசியாகக் கிடைக்கிற மாதிரி மத்தியான பஸ்ஸில் கிளம்பி வருகிறோம். பின்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

மரியாதையுடன்,
ஒரு கம்போசிட்டரின் மகள்,
சிவகாசி